மிகப்பெரிய பாலைவனம் எது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து தவறாமல் பார்க்கிறோம். சென்ற வாரம் அதில் 'உலகின் மிகப்பெரிய பாலைவனம் எது?' என்ற கேள்வி வந்தது. சஹாரா, கோபி, கலஹாரி, அரேபியப் பாலைவனம் என்று நான்கு விடைகள் தரப்பட்டன. போட்டியாளர் சஹாரா என்றார். சரி என்று அறிவித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், 'அண்டார்டிகாதான் பெரியது, நிகழ்ச்சி தவறு' என்று உறுதியாகச் சொன்னாள். என் கணவரோ, 'எது பெரிதாக இருந்தால் என்ன? கைப்பேசியில் தேடினால் நொடியில் கிடைப்பதை மனப்பாடம் செய்வதற்கு அறிவு என்று பெயரா?' என்கிறார். மகளுக்கு இத்தகைய போட்டியில் கலந்துகொள்ளும் ஆசை உண்டு. பொது அறிவு நூல்களைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறாள். இவர்களில் யார் சொல்வது சரி? அந்த நிகழ்ச்சிக்கு மறுப்பு எழுதலாமா?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பாலைவனத்திலிருந்தே தொடங்குகிறேன். மணல் இருக்கிறதா, வெயில் கொளுத்துகிறதா என்பதைக் கொண்டு புவியியலாளர்கள் ஒரு நிலத்தைப் பாலைவனம் என்று முடிவு செய்வதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழையோ பனியோ பெறும் நிலப்பரப்பைத்தான் பொதுவாக அந்த வகையில் சேர்க்கிறார்கள். அந்த அளவுகோலின்படி, சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அண்டார்டிகாவுக்கே முதலிடம். சஹாராவின் பரப்பு சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர்தான். ஆகவே உங்கள் மகள் சொன்ன செய்தி சரியானது. ஆனால் போட்டியாளருக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் நியாயமானதே, ஏனென்றால் அவர் முன் வைக்கப்பட்ட நான்கில் பெரியது சஹாராதான். பிழை வினாவைத் தயாரித்தவருடையது: 'வெப்பப் பாலைவனம்' என்று எழுதியிருந்தால் எந்த வழக்கும் எழுந்திருக்காது. அதைத்தான் மனத்தில் வைத்திருந்தோம் என்று அவர்கள் இப்போது சொல்லவும் வழியில்லை. அவர்களே கொடுத்த நான்கில் ஒன்றான கோபி, குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கிவிடும் குளிர்ப் பாலைவனம். அதைப் பட்டியலில் சேர்த்த ஒருவர் அண்டார்டிகாவைப் பற்றி யோசிக்காமல் விட்டது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

பெரியது, உயர்ந்தது, நீளமானது, முதலாவது என்று கேட்கும் எல்லா வினாக்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. உலகின் மிக உயரமான மலை எது என்று கேட்டால் எல்லோரும் எவரெஸ்ட் என்கிறோம். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அது சரி. நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் இணைந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஆனால் மலையின் அடியிலிருந்து முடிவரை அளப்பதென்றால் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா முந்திக்கொள்கிறது. கடலுக்கு மேலே அது 4,207 மீட்டர்தான் என்றாலும், கடலடித் தரையிலிருந்து கணக்கிடும்போது 10,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பூமியின் மையத்திலிருந்து எந்தச் சிகரம் மிகத் தொலைவில் இருக்கிறது என்று கேட்டால் விடை மறுபடியும் மாறும். பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் புடைத்திருக்கிறது. அங்கே அதன் ஆரம் துருவ ஆரத்தைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பின் மேல் நிற்பதால், 6,263 மீட்டர் உயரமே உள்ள ஈக்குவடோரின் சிம்போராசோ எவரெஸ்டை விஞ்சிவிடுகிறது. மூன்று விடைகளும் உண்மை. எதை எங்கிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாத வினாதான் அரைகுறையாக நிற்கிறது.

அளவுகோல் போலவே காலமும் விடையை மாற்றும். சூரியக் குடும்பத்தில் அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் வியாழன் என்றே நூல்களில் இருந்தது. 2019 அக்டோபரில் சனியின் எண்ணிக்கை 82 ஆகி, 79 நிலவுகள் கொண்டிருந்த வியாழனை முந்தியது. 2023 பிப்ரவரியில் வியாழன் 92 நிலவுகளுடன் மீண்டும் முன்னே வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் சனி 145ஐத் தொட்டுவிட்டது. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து சனியின் கணக்கு 274 ஆயிற்று. 2023 மார்ச்சில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து ஜூலையில் ஒளிபரப்பியிருந்தால், போட்டியாளர் சொன்ன சரியான விடை வீட்டில் பார்ப்பவருக்குத் தவறாகத் தெரிந்திருக்கும். கவனமான தயாரிப்பாளர்கள் இத்தகைய வினாக்களில் 'நிகழ்ச்சி பதிவான நாளின் நிலவரப்படி' என்று சேர்த்துக்கொள்வது இதற்காகத்தான். உங்கள் மகள் மனப்பாடம் செய்யும் நூல் எந்த ஆண்டில் அச்சானது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கணவரின் வாதம். அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை, அறிவைச் சோதிப்பதைவிட அடையாளம் காணும் திறனையே அதிகம் சோதிக்கிறது. ஒன்றுமே தெரியாதவருக்கும் நூற்றுக்கு 25 வாய்ப்பு இருக்கிறது. இரண்டு தவறான விடைகளை நீக்கும் லைஃப்லைனை, அதாவது போட்டியாளருக்குத் தரப்படும் உதவி வாய்ப்பை, பயன்படுத்தினால் அது 50 ஆகிவிடுகிறது.

பார்வையாளர்களிடம் கேட்கும் லைஃப்லைன் இதைவிடச் சுவையானது. அரங்கில் 100 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 20 பேருக்கு மட்டுமே விடை தெரியும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 80 பேர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் நான்கு விடைகளுக்கும் தலா 20 வாக்குகள் விழும். தெரிந்தவர்களின் 20 சரியான விடையோடு சேர, அது 40 வாக்குகளுடன் தனித்து உயர்ந்து நிற்கும். ஐந்தில் நால்வருக்குத் தெரியாத ஒன்றை அரங்கம் முழுவதுமாகச் சேர்ந்து சரியாகச் சொல்லிவிடுகிறது. 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியின் அமெரிக்கப் பதிப்பில் பார்வையாளர்கள் 91 விழுக்காடும், தொலைபேசியில் அழைக்கப்பட்ட நண்பர்கள் ஏறத்தாழ 65 விழுக்காடும் சரியாகச் சொன்னதாகப் பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. எளிய வினாக்களுக்கு அரங்கத்தையும் கடினமானவற்றுக்கு நண்பரையும் நாடுவதே போட்டியாளர்களின் வழக்கம் என்பதால், அந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன். மேலும், தெரியாதவர்கள் சிதறாமல் ஒரே தவறான விடையில் குவியும் கேள்விகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது என்று கேட்டு, சிட்னியையும் ஒரு விடையாகக் கொடுத்தால், அரங்கத்தை நம்பியவர் வெளியேற நேரலாம்.

ஆனால் 'கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தேடுவதற்கு முதலில் ஐயம் எழ வேண்டும். அன்று அந்த நிகழ்ச்சியைப் பார்த்த எத்தனையோ பேரின் கையில் கைப்பேசி இருந்திருக்கும். சஹாரா என்ற விடை சரியென்று அறிவிக்கப்பட்டதும் அவர்களில் பெரும்பாலோர் தேட வேண்டிய தேவையையே உணர்ந்திருக்க மாட்டார்கள். அண்டார்டிகா பற்றிய ஒரு சிறு செய்தி உங்கள் மகளின் நினைவில் முன்பே இருந்ததால்தான் அவளுக்கு அந்த விடை உறுத்தியது. கருவி நாம் கேட்டதற்குத்தான் விடை தரும். எதைக் கேட்க வேண்டும் என்பது, தலைக்குள் ஏற்கெனவே கிடக்கும் துணுக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போதுதான் தெரியவருகிறது.

துணுக்குகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' வினாடி வினா நிகழ்ச்சியில், ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய வாட்சன் என்ற கணினி இரண்டு முன்னாள் வெற்றியாளர்களுடன் மோதியது. ஒருவர் 2004இல் தொடர்ந்து 74 ஆட்டங்களை வென்ற கென் ஜென்னிங்ஸ். மற்றவர் பிராட் ரட்டர். வாட்சன் போட்டியின்போது இணையத்தோடு இணைக்கப்படவில்லை. தனக்குள் சேமித்திருந்தவற்றை மட்டுமே கொண்டு ஆடியது. முதல் ஆட்டத்தின் இறுதி வினா அமெரிக்க நகரங்கள் என்ற தலைப்பில் வந்தது: ஒரு நகரத்தின் மிகப்பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயரும், இரண்டாவது பெரிய விமான நிலையத்துக்கு அந்தப் போரின் ஒரு சண்டையின் பெயரும் வைக்கப்பட்டுள்ளன, அது எந்த நகரம்? மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று எழுதினார்கள். கணினி, கனடாவிலுள்ள டொராண்டோ என்றது. ஒட்டுமொத்தப் போட்டியில் வாட்சன் 77,147 டாலரும் ஜென்னிங்ஸ் 24,000 டாலரும் பெற்றார்கள் என்பதால் இதை இயந்திரத்தின் தோல்வியாக நான் காட்ட வரவில்லை. அந்த வினாவின் அமைப்பைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். சிகாகோ விமான நிலையங்களின் பெயர் வரலாற்றை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கத் தேவையில்லை. 1942இல் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டை ஒருவருக்குப் போர் வரலாற்றின் வழியாகத் தெரிந்திருக்கும். சிகாகோவில் மிட்வே என்றொரு விமான நிலையம் இருப்பது ஏதோ ஒரு பயணச் செய்தியில் கண்ணில் பட்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் கணத்தில், அந்நகரின் மிகப்பெரிய விமான நிலையத்துக்குப் பெயர் தந்த ஓஹேர் என்பவர் கடற்படை விமானி என்பது தெரியாமலேயே விடை கிடைத்துவிடும். நல்ல வினா என்று நான் சொல்வது இதைத்தான். நினைவில் இல்லாத விடையைக் கண்டுபிடிக்கவும் அது வழி விடுகிறது.

உங்கள் மகளின் தயாரிப்பு முறையைப் பற்றி எனக்குள்ள குறையும் இதையொட்டியதே. 'ஆஸ்திரேலியா – கான்பெரா' என்று பட்டியலிலிருந்து கற்றவருக்கு ஒரே ஒரு வினாவுக்கு மட்டுமே விடை தெரியும். சிட்னியும் மெல்போர்னும் தலைநகராகப் போட்டியிட்டதால் இரண்டையும் விட்டுவிட்டுப் புதிய நகரம் ஒன்றை அமைக்க முடிவு செய்தார்கள், 1908இல் இடம் தேர்வாயிற்று, 1913இல் பெயர் சூட்டப்பட்டது, 1927 வரை நாடாளுமன்றம் மெல்போர்னிலேயே இயங்கியது என்று கற்றவருக்கு அதே செய்தி பல திசைகளிலிருந்து திறக்கும், மறக்கவும் மறக்காது. பக்கத்துக்கு 50 செய்திகள் படிப்பதை நிறுத்திவிட்டு, நாளுக்கு நான்கைந்தை எடுத்து ஒவ்வொன்றிடமும் ஏன், எப்போதிலிருந்து, எந்த அளவுகோலில் என்று அவள் கேட்டுப் பார்க்கட்டும். அது மெதுவான வழி என்பதை மறுக்க மாட்டேன். விரைவாகப் பொத்தானை அழுத்தும் சுற்றுகளில் பட்டியல் மனப்பாடம் செய்தவர் அவளை முந்தவும் கூடும்.

மறுப்பு எழுதுவது பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக எழுதலாம். 1999இல் 'மில்லியனர்' நிகழ்ச்சியின் பிரிட்டன் பதிப்பில், டென்னிஸில் ஒரு செட்டை வெல்ல ஒருவர் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும் என்று கேட்டு, 24 என்ற விடையைச் சரியென்று ஏற்றார்கள். ஆறு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு புள்ளிகள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஆறில் மூன்று ஆட்டங்களில் எதிராளிதான் சர்வீஸ் போடுவார். அவர் ஒவ்வொரு முறையும் இரட்டைத் தவறு செய்தால், அதாவது இரண்டு சர்வீஸ்களையும் தவறாகப் போட்டுப் புள்ளியை இழந்தால், நம் ஆட்டக்காரர் மட்டையை அசைக்கவே வேண்டியதில்லை. தன் மூன்று சர்வீஸ் ஆட்டங்களில் 12 ஏஸ்கள், அதாவது எதிராளியால் தொடவே முடியாத சர்வீஸ்கள், போட்டால் போதும். சரியான விடை 12. பிழை தெரிந்த பிறகும் போட்டியாளர் தான் வென்ற தொகையை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டார்.

கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும். நிகழ்ச்சி ஒளிபரப்பான நாளையும் கேட்கப்பட்ட வினாவையும் நான்கு விடைகளையும் அப்படியே குறிப்பிட்டு, 250 மில்லிமீட்டர் அளவுகோல், இரண்டு பரப்பளவுகள், கோபி குளிர்ப் பாலைவனம் என்ற செய்தி ஆகிய மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 'உங்கள் விடை தவறு' என்று தொடங்க வேண்டாம், ஏனென்றால் கொடுக்கப்பட்ட நான்கில் அது தவறல்ல. வினாவில் 'வெப்ப' என்ற அடைமொழி விடுபட்டுவிட்டது என்று எழுதினால் அவர்களால் மறுக்க இயலாது. போட்டியாளரின் பரிசில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்பதையும் ஒரு வரியில் அவள் சேர்த்துவிடட்டும்.