தன் நாட்டில் நின்று பேசுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பல் மருத்துவராக இருக்கிறேன். நானும் நண்பர்கள் நாலு பேரும் பள்ளிகளுக்குப் போய் கூல் லிப், ஹான்ஸ் என்று வாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலை பற்றிப் பிள்ளைகளிடம் பேசி வருகிறோம். அதைக் கேள்விப்பட்டு, பாங்காக்கில் நடக்கும் புகையிலைக் கட்டுப்பாட்டு மாநாடு ஒன்றுக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. “வெளிநாட்டுக் காசில் ஊர் சுற்றப் போகிறாயா?” என்று கூட இருக்கும் நண்பனே கேட்கிறான். எங்கள் ஊர்ப் பிரச்சினை ஹான்ஸும் பீடியும். என் பெரியம்மா இன்றைக்கும் பீடி சுற்றுகிறார். இதில் வெளிநாட்டுக்காரர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எங்களைப் போன்ற சின்ன ஆட்களால் அவர்களுக்குத்தான் என்ன கொடுக்க முடியும்? பன்னாட்டுக் கூட்டணி என்பதெல்லாம் மேடையில் கைகோத்துப் படம் எடுப்பதோடு முடிகிற காரியம்தானே? போகலாமா, வேண்டாமா?

முத்துக்குமார்

அன்புள்ள முத்துக்குமார்,

தாய்லாந்தின் பழைய சிகரெட் வழக்கைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் பாங்காக் என்று பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். “சின்ன ஆட்கள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறையில் நின்று ஒரு பையனின் உதட்டை விலக்கிப் பார்த்து, புகையிலையால் வந்த வெள்ளைத் தடிப்பைக் கண்ணாடியில் அவனுக்கே காட்டுகிறவர் நீங்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் பலர் அந்த வாயைப் பார்த்ததே கிடையாது. இந்த அடக்கம் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புகையிலைக் கம்பெனிக்கு இதைவிட வசதியான குணம் வேறு இல்லை.

கைகோத்துப் படம் எடுப்பது பற்றி: எடுக்கத்தான் செய்வார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும்.

இனி தாய்லாந்து. 1980-களில் அங்கே சிகரெட் தயாரித்து விற்றது அரசு நிறுவனம். வெளிநாட்டுச் சிகரெட்டுக்குக் கதவு அடைத்தே இருந்தது. அமெரிக்காவில் விற்பனை இறங்கத் தொடங்கியதும் அங்குள்ள கம்பெனிகளின் பார்வை ஆசியா மேல் விழுந்தது. அவர்களுக்காக அமெரிக்க அரசின் வணிகப் பிரதிநிதி அலுவலகமே களத்தில் இறங்கியது. ‘கதவைத் திற, இல்லையென்றால் உன் ஏற்றுமதிக்கு வரி போடுவேன்’ என்பதுதான் மிரட்டல். ஜப்பான், தைவான், தென்கொரியா வரிசையாகத் திறந்தன. 1989-ல் தாய்லாந்தின் முறை வந்தது.

அங்கே மருத்துவர்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கிராமப்புற மருத்துவர்கள் 1987-ல் மாகாணங்களிலிருந்து பாங்காக் வரை ஓடி, வழியெல்லாம் மக்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிரகித் என்ற நுரையீரல் மருத்துவர் முன்னணியில் இருந்தார். ஆனாலும் அமெரிக்க அரசு நேரடியாக மிரட்டும்போது ஒரு சின்ன நாட்டு மருத்துவர் சங்கம் என்ன செய்துவிட முடியும்? நீங்கள் கேட்கிற அதே கேள்விதான்.

அவர்கள் அமெரிக்காவிலேயே ஆள் தேடினார்கள். அங்குள்ள புற்றுநோய், இதயநோய், நுரையீரல் சங்கங்கள் தாய்லாந்துக்காகப் பேச முன்வந்தன. வாஷிங்டனில் நடந்த விசாரணையில், தங்கள் நாட்டுக் கம்பெனிகளுக்கும் தங்கள் அரசின் நிலைக்கும் எதிராக அமெரிக்கர்களே சாட்சி சொன்னார்கள். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எவரெட் கூப் வெளிப்படையாகவே சாடினார். கொக்கெயின் அனுப்பாதே என்று பிற நாடுகளைக் கெஞ்சிக்கொண்டே நாம் சிகரெட் அனுப்புவது வடிகட்டின போலித்தனம் என்பது அவர் வாதம்.

அமெரிக்கா உடனே தண்டனை வரியில் இறங்கவில்லை. விவகாரம் ஜெனீவாவில், நாடுகளுக்கிடையேயான வணிக விதிகளைக் கவனித்த காட் (GATT) அமைப்பின் நடுவர் குழுவுக்குப் போனது. உலக சுகாதார நிறுவனமும் அங்கே வந்து தன் கருத்தைச் சொன்னது. 1990-ல் தீர்ப்பு. இறக்குமதியைத் தடுத்தது தவறு, கதவைத் திறக்க வேண்டும் என்றார்கள். தாய்லாந்து தோற்றது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: உள்நாட்டுச் சிகரெட், வெளிநாட்டுச் சிகரெட் என்று பேதம் பார்க்காமல் விளம்பரத்தைத் தடை செய்யலாம், பெட்டியில் என்ன அச்சிட வேண்டும் என்று கட்டளையிடலாம். அந்த மருத்துவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1992-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. 2005-ல் கடைகளில் சிகரெட்டைப் பார்வைக்கு அடுக்கி வைப்பதே தடையானது. 2019-ல் பெட்டியின் நிறமும் சின்னமும் போய், எல்லாம் ஒரே மாதிரி வெற்றுப் பெட்டியாகின. ஆசியாவிலேயே முதல் நாடு தாய்லாந்துதான்.

கடையில் அடுக்கி வைக்கத் தடை என்று எழுதும்போது என் சித்தப்பா ஞாபகம் வருகிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருக்கு ஒரு பெட்டிக்கடை. ஓரத்தில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று எந்நேரமும் நுனியில் கனன்றபடி தொங்கும். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் கடலை மிட்டாய் தின்பேன். கடையின் பெயர்ப்பலகையை இலவசமாக மாட்டித் தந்தது ஒரு சிகரெட் கம்பெனி. அதில் சிகரெட்டின் பெயர் முக்கால் பங்கு, சித்தப்பா பெயர் கீழே பொடி எழுத்தில். விற்பனைப் பிரதிநிதி வாரம் தவறாமல் வருவார். பாக்கெட்டுகளை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில், எங்கள் கண் மட்டத்துக்கு அவரே இறக்கி அடுக்கிவிட்டுப் போவார். சித்தப்பாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நல்ல மனிதர், வெற்றிலைகூடப் போட மாட்டார். அவர் கடையில் தினம் வாங்கிப் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக இருமிக்கொண்டே போனபோது, துட்டி கேட்கப் போய்விட்டு வந்து இரவு சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அந்த மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்து அடுக்கு எங்கள் ஊர்ப் பிரதிநிதிக்குத் தானாகத் தோன்றியதா என்ன? சிகரெட் பாக்கெட்டைப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும்படி வைக்கிற கலை பல நாடுகளில் பல கடைகளில் பார்த்துப் பார்த்துத் தேறியது. நம் நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியில் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கையின் சிலோன் டொபாக்கோவில் அதற்குத்தான் பெரும்பான்மை. அவர்கள் ஒரு நாட்டில் படித்ததை அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோவார்கள், நாம் மட்டும் ‘எங்கள் ஊர்ப் பிரச்சினை’ என்று உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஹான்ஸுக்கும் கூல் லிப்புக்கும் முதலாளிகள் வேறு என்பீர்கள். முதலாளி யாராக இருந்தால் என்ன, பள்ளிக்கூட வாசலில் சரக்கை எங்கே வைப்பது என்ற கணக்கு ஒன்றுதான்.

மறுபடி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டாளி யார் என்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான். உங்கள் ஊருக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு உங்களைப் பாராட்டுகிறவர் விருந்தாளி. தன் நாட்டில், தன் அரசுக்கு முன்னால் நின்று, தன் நாட்டுக் கம்பெனி உங்களுக்குச் செய்வதைச் சொல்கிறவர் கூட்டாளி. வாஷிங்டனில் பேசிய அந்த அமெரிக்கர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. சொந்த ஊரில் கெட்ட பெயர்தான் மிச்சம்.

இதே அளவுகோலை நம் மேலும் வைத்துப் பாருங்கள். “நம்மால் என்ன கொடுக்க முடியும்” என்றீர்களே. 1990-களில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒரு புது மோகம் புகுந்தது. சாக்லேட் வாசம், மாம்பழ வாசம் போட்ட பீடி. எங்கிருந்து போனது? இந்தியாவிலிருந்து. 2014-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை முதன்முறையாகச் சில புகையிலைப் பொருட்களின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. அவையும் பீடிகள்தான். தாய்லாந்துக்காகத் தன் அரசை எதிர்த்து அமெரிக்க மருத்துவர் பேசினார் என்றால், அமெரிக்கப் பிள்ளைக்காகப் பேச வேண்டிய இடத்தில் இருப்பவர் யார்? பீடி சுற்றும் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, பல் மருத்துவம் படித்த நீங்கள்தான். உங்கள் பெரியம்மாவின் தோள்வலி, மூச்சிறைப்பு, ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனையைத் தள்ளுகிறார்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த மேடையில் அதைச் சொல்லுங்கள். பீடியை ஒழி என்று வெள்ளைக்காரர் சொன்னால் ‘ஏழை வயிற்றில் அடிக்கிறான்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடலாம். நீங்கள் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. அந்தப் பெண்களுக்கு மாற்று வேலை என்ன என்று கேட்கிற உரிமையும் உங்களுக்குத்தான் உண்டு.

அங்கே சுவிட்சர்லாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது வந்திருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே ஏற்றுக்கொண்டது. சுவிட்சர்லாந்தும் அமெரிக்காவும் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் முறைப்படி ஏற்கவில்லை. உருகுவே என்ற சின்ன நாடு பெட்டியில் 80 சதவீதம் எச்சரிக்கைப் படம் போட்டதற்காக பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனி அதன் மேல் வழக்குப் போட்டது, சுவிட்சர்லாந்தோடு இருந்த முதலீட்டு ஒப்பந்தத்தை வைத்துத்தான். வழக்குச் செலவுக்கு ப்ளூம்பெர்க் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரரின் அறக்கட்டளை கைகொடுத்தது, உருகுவே 2016-ல் ஜெயித்தது. அதெல்லாம் சரி, உங்கள் ஊர் நாடாளுமன்றத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர்களும் உங்களைக் கேட்பார்கள். எல்ஐசி என்ற அரசு நிறுவனம் சிகரெட் கம்பெனியில் பங்கு வைத்திருக்கிறதே என்பார்கள். பதில் யோசித்து வையுங்கள்.

அப்புறம், காசு. உங்கள் நண்பர் கேட்டதில் பாதி நியாயம் உண்டு. வெளிநாட்டுக் காசு என்பதற்காகப் பயப்பட வேண்டாம், யார் காசு என்று பாருங்கள். 2017-ல் ‘புகையில்லா உலகத்துக்கான அறக்கட்டளை’ என்று ஒன்று கிளம்பியது. பெயரைக் கேட்டால் நம்மவர்கள் என்றுதான் தோன்றும். ஆண்டுக்கு 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொன்னது பிலிப் மாரிஸ் இண்டர்நேஷனல். அதோடு சேர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே அரசுகளை எச்சரித்தது. ஆகவே டிக்கெட்டை வாங்குவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: உங்களுக்குப் பணம் தருவது யார், அவர்களுக்குத் தருவது யார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் போகாதீர்கள். தெளிவாகச் சொன்னால் கிளம்புங்கள், அந்தப் பதிலை நண்பரிடமும் காட்டிவிட்டு.