மகள் சொல்லச் சொன்ன செய்தி

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஐம்பது வயது. மதுரை திருநகரில் இருக்கிறோம். கணவருக்குக் கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம். மாமியாரும் எங்களுடன்தான். "உனக்கு இங்கே என்ன குறை?" என்று என்னைக் கேட்காதவர்கள் இந்த வீட்டில் இல்லை. சோற்றுக்கும் துணிக்கும் குறையில்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் ஏதாவது சொன்னால் திமிர் என்கிறார்கள்.

நான் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்தவள். திருமணமான மறுவருடம், 1998-ல், ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. "அவனிடம் நல்ல நேரம் பார்த்து நானே சொல்கிறேன்" என்றார்கள் அத்தை. ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டது. நல்ல நேரம் மட்டும் வரவில்லை. அப்படி ஒரு கடிதம் வந்ததே என் கணவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். "தெரிந்திருந்தால் மட்டும் அனுப்பியிருப்பேனா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நத்தம் சாலையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, மதியச் சமையலை முடித்துவிட்டு அங்கே போய்ப் படிக்கிறேன். அதற்கும் பேச்சு. "இந்த வயதில் கதைப் புத்தகம் எதற்கு?" என்கிறார் அவர். கல்லூரியில் தேர்வுக்காகப் படித்துத் தாண்டிப்போன பெண்கள் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறார்கள். டால்ஸ்டாய் நாவலின் அன்னா கரீனினா ரயிலில் விழுந்து சாகிறாள். 'மேடம் பொவாரி'யின் எம்மா ஆர்சனிக்கை அள்ளி விழுங்குகிறாள். 1879-ல் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தில் நோரா மட்டும் உயிரோடு வெளியேறுகிறாள், மூன்று குழந்தைகளையும் விட்டுவிட்டு. அந்த முடிவுக்கு எதிர்ப்பு வந்ததால் ஜெர்மனியில் நடிப்பதற்காக வேறு முடிவு ஒன்றையும் அவர் எழுதிக் கொடுத்தார்: உறங்கும் குழந்தைகளின் அறை வாசலில் நோரா சரிந்து விழுகிறாள், வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். என் வாழ்க்கை அந்த ஜெர்மன் முடிவுதான் ஐயா.

இரவில் தூக்கம் வருவதில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தாலே 1998 நினைவுக்கு வருகிறது. கணவருக்கு என் முகம் வாடியிருப்பது கண்ணில் படுவதே இல்லை. மகளும் இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, இருபத்து மூன்று வயது அப்படி. (அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லும்படி என்னிடம் விட்டிருக்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் தர வேண்டுமாம். விருதுநகரிலிருந்து ஒரு நல்ல வரன் கூடிவரும்போல் இருப்பதால், நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நான் இன்னும் பேச்செடுக்கவில்லை. கல்யாணம் முடிவாகிவிட்டால் இந்தப் பேச்சுக்கே அவசியம் இருக்காது.) அதை விடுங்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். விடுதலை கேட்கும் பெண்ணுக்கு ரயிலையும் விஷத்தையும் தவிர வேறு முடிவே எழுத்தாளர்களுக்குத் தோன்றாதா? படித்ததால்தான் எனக்கு இவ்வளவு வேதனையா? இந்தப் புத்தகங்களை நிறுத்திவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மதுரை


அன்புச் சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டு "அதை விடுங்கள்" என்று நீங்கள் வேகமாகக் கடந்துபோன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். அதை விட முடியாது.

1998-ல் உங்களுக்கு நடந்தது அநியாயம். கணவரின் சிரிப்பு அதைவிடக் கொடுமை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது ஆறவில்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அன்று அத்தை செய்தது என்ன என்று நிதானமாக யோசியுங்கள். அவர் உங்களைத் திட்டவில்லை. கடிதத்தைக் கிழிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றார், சொல்லாமல் இருந்தார், பள்ளி திறந்துவிட்டது. இன்று உங்கள் வீட்டில் அதே காரியத்தைச் செய்துகொண்டிருப்பவர் நீங்கள். மகள் முகம் கொடுக்காததற்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள். மாதக் கடைசி நெருங்குவது அவளுக்குத் தெரியும்.

கடுமையாகப் பேசுகிறேன். உங்கள் பயம் புரியாமல் இல்லை. வெளியூர், உறவினர் பேச்சு, நல்ல வரன் கைநழுவிவிடுமோ என்ற தவிப்பு, எல்லாம் நியாயமானவை. இவற்றோடு நீங்கள் எழுதாத இன்னொன்றும் இருக்கலாம்: நமக்குக் கிடைக்காதது இவளுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதே என்ற வலி. பெற்ற தாய்க்கு அப்படித் தோன்றினால் அது பாவம் இல்லை. ஆனால் அந்த வலி உங்கள் வாயை அடைத்துவைக்கும்போது இழப்பு மகளுக்கு.

உங்கள் நாவல்களுக்கு வருகிறேன். எல்லாக் கதைகளையும் சிக்கிக்கொண்ட மனைவியின் இடத்தில் இருந்தே படிக்கிறீர்கள். அவற்றில் மகள்களும் இருக்கிறார்கள். எம்மா பொவாரி கருவுற்றிருந்தபோது மகன் வேண்டும் என்று ஆசைப்பட்டாள், ஆணாகப் பிறந்தால் அவனாவது சுதந்திரமாக இருப்பான் என்று. பெண் என்று கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு மயங்கினாள். அந்தக் குழந்தை பெர்த் என்ன ஆனாள் என்பது நினைவிருக்கிறதா? தாயும் தகப்பனும் பாட்டியும் போன பிறகு, ஏழை அத்தை ஒருத்தி அவளைப் பிழைப்புக்காகப் பஞ்சாலைக்கு அனுப்புகிறாள். நாவலை எழுதிய ஃப்ளோபேர் அதை ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார். பஞ்சாலைக்குப் போகும் சிறுமி என்றால் என்ன என்று மதுரைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. விஷத்தை நினைத்துத் தூக்கம் கெடும் நீங்கள் இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

வங்கத்தின் ஆஷாபூர்ணா தேவி 1964-ல் வெளியிட்ட 'பிரதம் பிரதிஸ்ருதி' உங்கள் நூலகத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில் சத்தியவதி என்ற பெண், புகுந்த வீட்டின் எத்தனையோ கட்டுப்பாடுகளோடு மோதிக்கொண்டே குடும்பம் நடத்துகிறாள். மகள் சுவர்ணலதாவைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவள் கனவு. மாமியார் அவளுக்குத் தெரியாமல் அந்தச் சிறுமிக்குக் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறாள். தனக்கு நடந்த எல்லாவற்றையும் தாங்கிய சத்தியவதி இதைத் தாங்கவில்லை. வீட்டை விட்டுக் காசிக்குப் போய்விடுகிறாள். அவள் செய்தது சரியா என்று கேட்டால் நான் தயங்குவேன். அம்மா போன பிறகு சுவர்ணலதா பட்ட பாட்டை ஆசிரியையே அடுத்த நாவலில் எழுதியிருக்கிறார். ஆனால் அவள் எந்த இடத்தில் "போதும்" என்றாள் என்பதைக் கவனியுங்கள். அதே இடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் மாமியாரின் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

ஜெர்மன் முடிவைப் பற்றி ஒன்று. குழந்தைகளுக்காக நீங்கள் இருந்துவிட்டீர்கள். அதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. அதில் அன்பும் இருந்தது. ஆனால் அந்த முடிவை மகள் கேட்டு வாங்கவில்லை. அதற்கான விலையை அவளிடம் வசூலிக்க முடியாது.

எழுத்தாளர்களுக்கு வேறு முடிவு தோன்றாதா என்கிறீர்கள். 1847-ல் வந்த 'ஜேன் அயர்' நாவலின் நாயகியை எப்படி விட்டீர்கள்? ஆண்டுக்கு முப்பது பவுண்டு சம்பளத்தில் ஆசிரியையாகப் போகிறாள் அவள். தான் மணக்கவிருந்த ரோச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது தெரிந்ததும் அவனை விட்டு வெளியேறுகிறாள். பிறகு கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்திப் பிழைக்கிறாள். அன்னாவுக்கும் எம்மாவுக்கும் அப்படிச் சொந்தச் சம்பாத்தியம் ஏதும் இல்லை. நோராவும் கடனை அடைப்பதற்காக இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிரதி எழுதிச் சம்பாதித்த நாட்களைத் தோழியிடம் சொல்லும்போது, ஏறக்குறைய ஓர் ஆணைப்போல் இருந்தது என்று மகிழ்ந்துபோகிறாள். கையில் சம்பளம் இருந்துவிட்டால் துயரமே வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பட்டியலில் ரயிலும் விஷமும் மட்டும் இருப்பது, மகளை அனுப்பாமல் இருப்பதற்கு நீங்களே சேர்த்துவைத்த காரணங்களோ என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் வேதனைக்குப் படிப்பைக் குறை சொல்லாதீர்கள். புத்தகங்களை நிறுத்த வேண்டாம்.

தூக்கமின்மை நீடித்தால் ராஜாஜி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் எம்.ஏ. படிப்பை என்ன செய்யலாம் என்று தனியாக எழுதுங்கள். அதைப் பேச எனக்கு மிகுந்த ஆசை.

அதற்கு முன் இன்றிரவே மகளை உட்காரவைத்து, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்பதையும் ஏன் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1998-ஐயும் சொல்லுங்கள், அவளுக்கு அது தெரியாது என்றே நினைக்கிறேன். நாளை கணவர் கடையிலிருந்து வந்ததும் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர் கோபப்படலாம், மறுக்கலாம். அவள் அந்த மறுப்பை நேரில் கேட்டு, தன் பதிலைத் தானே சொல்லட்டும். விருதுநகர்காரர்களிடம் எதைச் சொல்வது என்பதை அதன் பிறகு அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.