அறிவியல் புனைவு அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர்களில் உங்களை மிகவும் கவர்ந்தது எது, ஏன்?

'கௌபாய் பீபாப்' என்று தயங்காமல் சொல்வேன். சன்ரைஸ் நிறுவனத்தின் தயாரிப்பில் ஷினிச்சிரோ வதனபே இயக்கி, 1998இல் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய இத்தொடரில் மொத்தமே 26 அத்தியாயங்கள்தாம்.

கதை நடக்கும் ஆண்டு 2071. விண்வெளிப் பயணத்துக்கான வாயில் ஒன்று முன்னொரு காலத்தில் வெடித்ததில் நிலா சிதைந்து, அதன் கற்கள் பூமியின்மேல் ஓயாமல் விழுந்துகொண்டிருப்பதால், மக்கள் செவ்வாய், வியாழனின் துணைக்கோளான கனிமீடு என்று வெவ்வேறு இடங்களில் குடியேறியிருக்கிறார்கள். தலைக்கு விலை வைக்கப்பட்ட குற்றவாளிகளைப் பிடித்துக்கொடுத்துப் பிழைக்கும் ஸ்பைக், ஜெட், ஃபே ஆகிய மூவரும், எட் என்னும் கணினிக் கில்லாடிச் சிறுமியும், ஐன் என்ற நாயும் பழைய மீன்பிடிக் கப்பல் ஒன்றில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இத்தொடரின் ஸ்டைலைப் பற்றிப் பேசுபவர்கள் ஸ்பைக்கின் உடையையும் சிகரெட்டையும் சண்டையிடும் லாவகத்தையுமே குறிப்பிடுவார்கள். அந்த ஸ்டைல் வெறும் பகட்டாகிவிடாமல் காப்பாற்றுவது இந்தக் கப்பல்வாசிகளின் காலிப் பணப்பை என்பது என் கருத்து. முதல் அத்தியாயத்திலேயே ஜெட் குடைமிளகாயும் மாட்டிறைச்சியும் சமைத்திருப்பதாகச் சொல்ல, தட்டில் இறைச்சியையே காணோமே என்று ஸ்பைக் சண்டைக்கு வருகிறான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதையின் வகை மாறினாலும் இந்தப் பஞ்சப்பாட்டு மாறுவதில்லை. தொடக்கத்தில் கௌபாய் படம் போல இருப்பது, ஐந்தாவதில் ஹாங்காங் துப்பாக்கிப் படமாகி, பதினொன்றாவதில் குளிர்பதனப் பெட்டியில் மறந்துபோன உணவிலிருந்து கிளம்பும் ஜந்துவை வைத்துத் திகிலும் சிரிப்புமாகி, இருபதாவதில் உண்மையாகவே அச்சுறுத்துகிறது. இத்தனைக்கும் நடுவே அதே ஆட்கள் அதே பசியோடு இருப்பதால்தான் எதுவும் ஒட்டுப்போட்டது போலத் தெரிவதில்லை.

யோகோ கன்னோவின் இசை தனியாகவே பேசப்பட வேண்டியது. ஜாஸும் ப்ளூஸும் அடிநாதமாக இருக்க, கேட்டுக்கொள்ளாத பாடல்களையும் அவர் தாமாகவே அமைத்துக் கொடுத்தார் என்றும், அவற்றிலிருந்து தமக்குப் புதிய காட்சிகள் தோன்றின என்றும் வதனபே கூறியிருக்கிறார். ஐந்தாம் அத்தியாயத்தில் தேவாலயச் சண்டையின் முடிவில் ஸ்பைக் சன்னலிலிருந்து தூக்கியெறியப்படும்போது, துப்பாக்கிச் சத்தமெல்லாம் அடங்கி, மென்மையான கூட்டுப்பாடல் ஒலிக்க, அவன் விழ விழப் பழைய நினைவுகள் துண்டு துண்டாக வந்துபோகின்றன. வசனம் எதுவும் இல்லாமலேயே அவனுடைய முன்கதையில் பாதி நமக்குப் புரிந்துவிடுகிறது.

ஆனாலும் எனக்கு மிகவும் நெருக்கமானது 18ஆம் அத்தியாயம்தான். ஃபேயின் பெயருக்கு ஒரு பழைய பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட் வருகிறது. அதை ஓட்டும் கருவியைத் தேடி, ஸ்பைக்கும் ஜெட்டும் பூமிக்குச் சென்று, இடிபாடுகளுக்கு அடியில் பல மாடிகள் இறங்கி, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வருவது இன்னொரு வகை கேசட்டை ஓட்டும் வி.எச்.எஸ். கருவி! கேசட்டின் அளவு வேறு, அது உள்ளேயே நுழையாது. இவ்வளவு நேரம் சிரிக்க வைத்துவிட்டு, பிறகு உரிய கருவியும் வந்து சேர்ந்து படம் ஓடத் தொடங்கியதும் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 54 ஆண்டுகள் உறைநிலையில் வைக்கப்பட்டு, நினைவை முற்றிலும் இழந்து விழித்தவள் ஃபே. திரையில் பள்ளிச் சிறுமியாக இருக்கும் அவளே, வருங்காலத்தில் தான் ஆகப்போகும் பெண்ணுக்குக் கைகளை ஆட்டி உற்சாகமூட்டுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேவுக்கோ அந்தச் சிறுமி யாரென்றே நினைவில்லை. கெய்கோ நொபுமோட்டோ தலைமையிலான எழுத்தாளர் குழு இங்கே யாரையும் கட்டிப்பிடித்து அழ வைக்கவில்லை, ஆறுதலும் சொல்ல வைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வில்லன் விஷஸ், தோளில் பறவையும் கையில் வாளுமாக வந்து நிற்கிறானே தவிர, ஸ்பைக்கின் எதிரி என்பதற்கு மேல் அவனுக்கென்று ஒரு மனம் இருப்பதாகத் தெரியவில்லை. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் நடிகர்களை வைத்து எடுக்கப்பட்ட வடிவம் ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. கன்னோவின் இசை அதிலும் இருந்தது. ஆனால் மூலத்தில் மௌனமாக விடப்பட்ட இடங்களையெல்லாம் அது பேசியே நிரப்பியது.

புதிதாகப் பார்ப்பவர்கள் அத்தியாயங்களை வரிசைப்படியே பார்ப்பது நல்லது. 2001இல் வந்த திரைப்படத்தின் கதை 22ஆம், 23ஆம் அத்தியாயங்களுக்கு இடையில் நடப்பதால், விரும்பினால் அதை அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.