ஊரை வைத்து ஒதுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் வந்தவாசி பக்கத்தில் ஒரு கிராமம். இப்போது வேளச்சேரியில் இருக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் தருகிற 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கும் அது உண்டு. கூப்பிடு தூரத்தில் டியூஷன், நூலகம் எல்லாம் இருக்கிற பிள்ளை அது. ஊரில் என் அண்ணன் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். அது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அவனுக்கு ஒதுக்கீடு இல்லை. அண்ணன் எட்டாவதோடு நின்றவர். பழையபடி கிராமப்புற மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு கொண்டுவந்தால் என்ன?

ஆர்., வேளச்சேரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் அண்ணன் மகன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு நீங்கள் சொல்லும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கிராமப்புற ஒதுக்கீட்டை இங்கே ஏற்கெனவே பார்த்தாயிற்று. தொண்ணூறுகளின் பின்பாதியில் தொழிற்கல்விக்கு 15 சதவீதம் என்று வந்தது. பிறகு அதை 25 ஆக்கப்போக, உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டத்தை விடுங்கள். பள்ளி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை வைத்துக் கிராமம், நகரம் என்று பிரித்தால் என்ன ஆகும்? நாமக்கல் பக்கம் போய்ப் பாருங்கள். விடுதியோடு கூடிய பெரிய தனியார் பள்ளிகள் ஊராட்சி எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. சென்னையிலிருந்து கொண்டுபோய், லட்சத்தில் பணம் கட்டிச் சேர்த்த பிள்ளையும் அங்கே கிராமத்துப் பிள்ளை ஆகிவிடும். இந்தப் பக்கம் கண்ணகி நகர். நகரின் நடுவே குடிசையில் இருந்தவர்களைக் கொண்டுவந்து ஓரத்தில் குடியமர்த்திய இடம். முகவரி என்னவோ சென்னைதான். விடிகாலையில் பஸ் பிடித்து வீட்டுவேலைக்குப் போகிற அம்மாவுக்கு டியூஷன் பக்கத்திலேயே இருந்து என்ன, காசு வேண்டாமா?

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஊரைவிட வீட்டின் நிலைமையைத்தான் அதிகம் பிடித்துக்கொடுக்கிறது. இந்த ஒதுக்கீட்டைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் கேட்டது, அரசு 7.5 கொடுத்தது. அதற்கே, அதுவரை விரல்விட்டு எண்ணிவிடும்படி இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், 2020இல் எம்பிபிஎஸ்ஸில் மட்டும் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். 2022இல் மருத்துவ ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றமும் ஏற்றது.

கிராமத்துப் பிள்ளை உண்மையில் தோற்கிற இடம் பிளஸ் ஒன். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ புத்தகத்தையே அரைத்தன. இயற்பியலுக்கு ஆசிரியர் வருவாரா என்று காத்திருக்கிற பள்ளியில் படித்தவன் அந்தப் பிளஸ் டூ பாடத்தை ஒரே வருஷத்தில் படித்துவிட்டுப் போட்டிக்கு வரவேண்டும். 200க்குக் கணக்கிடுகிற கட்-ஆஃபில் ஒரு மார்க் குறைந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் போய்விடுவார்கள். இதைத் தடுக்கத்தான் 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று உடனே பின்வாங்கியதில் பாதி உயிர் போனது. 2025இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்பது சரிதான். ஆனால் பழைய வித்தை திரும்பி வரும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. பொறியியலில் இடம் கிடைப்பது இன்று பெரிய விஷயமில்லை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. எந்தக் கல்லூரி என்பதுதான் விஷயம். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கவுன்சலிங் நடந்த காலத்தில் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய குடும்பங்கள் பக்கத்தில் நிற்பவரிடமாவது விசாரித்துக்கொண்டன. இப்போது எல்லாம் ஆன்லைன். உங்கள் தெருவில் ஒரு பையன், போன வருஷ கட்-ஆஃபை எக்ஸெலில் போட்டு நூறு சாய்ஸ் கொடுக்கிறான். ஊரில் பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்ன நாலைந்து கல்லூரியோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நல்ல ரேங்கை வைத்துக்கொண்டு சுமாரான கல்லூரிக்குப் போகிற கொடுமை இப்படித்தான் நடக்கிறது. இதற்கு ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை, விவரம் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உதவி பெறும் பள்ளிகளை மொத்தமாகச் சேர்க்கச் சொல்ல மாட்டேன். சென்னையில் அந்தப் பெயரில் வசதியான பள்ளிகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் அரசு சம்பளம் தருகிற தமிழ்வழிப் பிரிவுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். கூடவே 7.5ஐ உயர்த்த வேண்டும். இல்லையென்றால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து இவனுக்கு வைத்ததாகிவிடும்.

அதுவரை, வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், உங்கள் அண்ணன் மகனுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி வையுங்கள். சித்தப்பா பட்டதாரி என்பது அதற்குத் தடையில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கவுன்சலிங் வழியாகப் பொறியியல் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. அப்புறம், சாய்ஸ் கொடுக்கிற வாரம் நாலு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போங்கள்.