மாரி தொடங்குமுன் எதை வாங்கி வைப்பது? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "கண்டியிலிருந்து திருகோணமலைக்கு மாறி வந்திருக்கிறோம். வீட்டில் நான்கு பேர், அம்மாவுக்கு நீரிழிவு. மாரிகாலத்தில் இங்கே மீனும் மரக்கறியும் விலை ஏறிவிடும் என்கிறார்கள். குறைந்த செலவில், உடலுக்கும் நல்லதாக, என்னென்ன வாங்கிச் சேமித்து வைக்கலாம்?"

நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம். இங்கே மாரிக்கான கொள்முதல் ஆவணி பிறக்கும்போதே தொடங்க வேண்டும். தாழமுக்கம் என்று வானொலியில் கேட்ட பிறகு கடைக்கு ஓடுகிறவர்கள் வாங்கிவருவது எப்போதும் ஒரே பொருட்கள்தாம்: கோதுமை மா, சீனி, பிஸ்கட், நூடில்ஸ், டின் மீன். மழை முடியும்வரை கோதுமை ரொட்டியும் சீனித் தேநீருமாகக் கழித்துவிட்டு, தைப்பொங்கலுக்குப் பிறகு சர்க்கரை அளவு கூடிவிட்டதென்று கவலைப்படும் குடும்பங்களை நான் அறிவேன். அதே காசை இரண்டு மாதம் முன்னதாக, வேறு பொருட்களில் செலவழித்திருந்தால் அவர்கள் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்டிக்கு இரண்டு பருவக்காற்றும் மழை தருகின்றன. இங்கே மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றும் வெயிலும்தான். ஒக்டோபரில் மாலை இடிமழை தொடங்கும். நவம்பரும் டிசெம்பரும் கொட்டும் மாதங்கள், வாடைக்காற்று தை கடந்தும் வீசும். கோடையில் கடல் அமைதியாக இருப்பதால் மேற்குக் கரை மீனவர்கள்கூட வந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். அப்போது மீன் மலிவு, கருவாடும் நல்ல வெயிலில் காயும். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் சிறு வள்ளங்கள் கரையேறிவிடும், மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். மலைநாட்டு மரக்கறி தம்புள்ளையிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக லொறியில் வருவது. மலையில் மண்சரிந்தாலும் வழியில் வெள்ளம் ஏறினாலும் அடுத்த நாளே நம் சந்தையில் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் பணம் பருப்பு, பயறு வகைகளுக்குப் போகட்டும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் உலர்ந்த பருப்பு வகை என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 18 கிலோ. இதில் எட்டுக் கிலோ மைசூர்ப் பருப்பு, நான்கு கிலோ பயறு, மூன்று கிலோ கௌபி, மூன்று கிலோ கடலை என்று நான் பிரிப்பேன். மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது, இருந்தும் கிலோ விலையில் பயற்றை விட அதுவே பெரும்பாலும் மலிவு. அதனால் மதியக் கறிக்குப் பருப்பு, காலைக்குப் பயறும் கௌபியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாணும் பட்டரும் இருந்த இடத்தில், அவித்த பயற்றோடு கொஞ்சம் தேங்காய்ப்பூவும் வெங்காயச் சம்பலும் வந்தால், கிலோ விலை கூடினாலும் மாதச் செலவு கூடாது. பிள்ளைகள் பத்து மணிக்குப் பசியென்று பிஸ்கட் தேடமாட்டார்கள். பயற்றில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய. நவராத்திரி நெருங்கினால் கடலைக்கும் பயற்றுக்கும் கேள்வி கூடும், அதற்கு முன்பே வாங்குங்கள்.

பயற்றை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரக்கறி கிடைக்காத வாரத்தில் அதை இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டால் வீட்டுக்குள்ளேயே பச்சை உணவு உண்டாகிறது. உலர்ந்த பயற்றில் இல்லாத அளவுக்கு விற்றமின் சி முளையில் வருகிறது. மழைக்குளிரில் முளை வர ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். தேசிக்காய் பிழிந்து, துருவிய கரட் இருந்தால் சேர்த்து, லேசாக வதக்கிச் சாப்பிடுங்கள். ஈரக்காலத்தில் முளையைப் பச்சையாக உண்பதை விட வதக்குவதே பாதுகாப்பு.

நீங்கள் சைவ விரதங்கள் பிடிக்கிற குடும்பமா என்று தெரியவில்லை. பிடிப்பவர்களென்றால் இந்தப் பருவம் உங்களுக்கு இன்னும் இலகு. கேதார கௌரி, கந்தசஷ்டி, பிள்ளையார் பெருங்கதை, திருவெம்பாவை என்று விரதங்கள் புரட்டாதி தொடங்கி மார்கழி வரை தொடர்ந்து வருகின்றன, மீன் விலை ஏறும் காலமும் ஏறக்குறைய இதுவே. பருப்பும் கௌபியும் நிறைந்த வீட்டில் சந்தை விலை அவ்வளவு உறைக்காது.

அடுத்தது நெத்தலி. பெரிய துண்டுக் கருவாட்டை விட இதையே நான் சொல்வேன். தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு உண்பதால் கல்சியம் கிடைக்கிறது, சிறிது போட்டாலே கறிக்குச் சுவை வந்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று தடவை 100 கிராம் என்றால் மூன்று மாதத்துக்கு நாலு கிலோவுக்குள் முடிந்துவிடும். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடுங்கள். வெள்ளிப் பளபளப்பு இருக்க வேண்டும். உப்புக் கருவாட்டில் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருந்தால் அது உப்பில் வளரும் கிருமி, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வியாபாரியிடம் "அண்ணை, உப்புக் குறைவாகப் போட்டது இருக்கிறதா?" என்று கேளுங்கள், அநேகமாக உள்ளே வேறாக வைத்திருப்பார். எந்தக் கருவாடானாலும் இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை ஊற்றிவிட்டுச் சமைக்க வேண்டும், அந்தக் கறிக்கு உப்பும் சேர்க்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே வேளையில் இலைக்கு வந்தால் அந்த அளவு அங்கேயே போய்விடும். அம்மாவுக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் இதில் கண்டிப்பாக இருங்கள்.

அரிசிக்கு ஏற்ற மாதம் செப்டெம்பர். கந்தளாய்க் குளத்து நீரில் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் விளையும் சிறுபோக நெல் அப்போது அறுவடையாகிச் சந்தைக்கு வந்திருக்கும். பெரும்போக நெல் மாசி, பங்குனியில்தான் வரும், இடைப்பட்ட மாதங்களில் விலை ஏறும். இலங்கையில் ஒருவர் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் அரிசி உண்கிறார், ஆகவே உங்கள் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு நூறு கிலோ என்ற கணக்கு வரும். அவ்வளவையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். பாதியை அப்போது வாங்குங்கள், மீதியில் ஒரு பகுதியைப் பயறும் குரக்கனும் கிழங்கும் நிரப்பட்டும். சிவப்பு நாட்டரிசியில் புழுங்கலாகப் பார்த்து எடுங்கள். தவிட்டிலுள்ள எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். புழுக்கும்போது அந்த மாற்றத்தைத் தூண்டும் நொதி செயலிழப்பதால் புழுங்கல் அரிசி கூடுதல் காலம் கெடாது, தவிட்டின் பி விற்றமின்களும் ஓரளவு மணிக்குள் இறங்கிவிடும்.

குரக்கனை மாவாக வாங்காமல் தானியமாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டிய அளவு மட்டும் அரைப்பியுங்கள். மழை நாளில் மா விரைவில் வண்டு பிடிக்கும்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. குரக்கன் சாப்பிட்டால் நீரிழிவு இறங்கும் என்று பலர் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள். அதுவும் மாச்சத்துதான். நன்றாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். ரொட்டியாகவோ பிட்டாகவோ, அளவோடு, கீரையும் பருப்பும் சேர்த்து உண்பதே நல்லது. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறோ பிட்டோ, கால்வாசி பருப்பு, மீன், முட்டை என்ற அளவு அம்மாவுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள எல்லோருக்கும் பொருந்தும். பனங்கட்டி நல்லது, சீனிதான் கெட்டது என்பதும் சரியல்ல, இரண்டும் இரத்தத்தில் சர்க்கரையே. உணவு மாற்றத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கலாம்.

இப்போது மரக்கறி. இதைச் சேமிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. கோடையில் வாடிக் கிடக்கும் மண் மழை விழுந்ததும் தானாகவே பச்சை தருகிறது. வளவில் ஒரு முருங்கைத் தடி, வேலியோரம் ஓர் அகத்தி, கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் இருந்தால் மாரி முழுவதும் சுண்டலுக்கும் வறைக்கும் குறைவிராது. வாடகை வீடென்றால் பழைய வாளியில் கீரை விதை தூவுங்கள், முதல் மழைக்கு முன் தூவினால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். தட்டு நிறைய இலைக்கறி வைக்க இந்த ஊரில் பணம் தேவையில்லை, கொஞ்சம் முன்யோசனை போதும். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர தேசிக்காய்ப்புளி உதவும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

வாங்கி வைக்கத் தகுந்தவை பூசணி, நீத்துப்பூசணி, சின்ன வெங்காயம் மூன்றும்தான். காம்போடு இருக்கும் முழுப் பூசணி காற்றோட்டமான மூலையில் இரண்டு மாதமாவது இருக்கும், நீத்துப்பூசணி அதற்கும் மேல். வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிடுங்கள், உருளைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேங்காய் 2024 கடைசியிலிருந்து விலையேறியது எல்லோரும் அறிந்ததே. மட்டை உரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். முதற்பாலும் இரண்டாம் பாலும் எல்லாக் கறிக்கும் விடுவதைக் குறைத்துக்கொண்டால் காசும் மிச்சம், கொழுப்பும் குறையும்.

வாங்கியதைப் பாழாக்குவது ஈரமும் வண்டும். செப்டெம்பர் வெயில் இருக்கும்போதே பயறு, கௌபி, செத்தல் மிளகாய், மல்லி எல்லாவற்றையும் பாயில் பரப்பி இரண்டு நாள் காயவிடுங்கள். காய்ந்த சூட்டோடு டின்னில் அடைக்காதீர்கள். உள்ளே வேர்த்து, அந்த ஈரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, காற்றுப் புகாத மூடியுள்ள பாத்திரத்தில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். அரிசி மூடையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். சுவரில் ஊறும் நீர் சாக்குக்குள் ஏறுவது வெளியே தெரியாது. பெரிய டின் ஒன்றை அடிக்கடி திறப்பதை விட, ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சிறு போத்தலில் எடுத்து வைப்பது மேல். கச்சான் (நிலக்கடலை) விடயத்தில் இரக்கம் காட்டவே கூடாது. நிறம் மாறியதும், சுருங்கியதும், கசப்பதும் குப்பைக்குத்தான் போக வேண்டும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் அவித்தாலும் முற்றாக அழியாது.

கையில் பணம் ஒரேயடியாக இராதவர்களுக்கு, ஆவணி முதல் வாரந்தோறும் ஒரு பொருள் என்று வாங்குவதே வழி. பருப்பு வகைகள் முதலில், நெத்தலி அடுத்து, அரிசி செப்டெம்பரில், பூசணியும் வெங்காயமும் கடைசியில். சீனிக்கும் கோதுமை மாவுக்கும் பட்டியலில் இடம் ஒதுக்காதீர்கள், தேவையென்றால் அன்றன்றைக்கு வாங்கலாம். அன்றன்றைக்கு வாங்கும் பொருள் தானாகவே குறையும். சோயா மீட் வாங்குவதானால் சுவையூட்டிப் பொட்டலம் சேராத வெறும் சோயாவை வாங்கி வீட்டுத் தூளில் சமையுங்கள்.

கடைசியாக, புயலுக்கென்று தனியே ஓர் அலுமாரித் தட்டு. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. அப்படியொரு நாளில் அடுப்பு மூட்ட முடியாது, மின்சாரம் இராது, கிணற்று நீரை நம்ப முடியாது. அவல், வறுத்த கச்சான், பொரிமா, இரண்டு மூன்று டின் மீன், அம்மாவின் மருந்து, மூன்று நாளுக்குக் குடிநீர் ஆகியவற்றை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அந்தத் தட்டிலுள்ள உணவைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பயறு, கௌபியையும் பங்குனிக்கு மேல் வைத்திராதீர்கள், பழையது எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் இலகுவில் அவியாது.