பிரெஞ்சு வினைச்சொற்களை ஆங்கிலப் பொருளோடு மனப்பாடம் செய்வது போதுமா?

பிரெஞ்சு மொழித் திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வின் முதல் நிலைக்குத் தாமாகவே படித்து வரும் வாசகர் ஒருவர், இருநூறு பிரெஞ்சு வினைச்சொற்களை ஆங்கிலப் பொருளோடு இரண்டு பத்திகளாக எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார். பட்டியலைக் கேட்டால் தடையின்றி ஒப்பிக்க முடிகிறது, ஒரு வாக்கியம் அமைக்கப் போனால்தான் நாக்கு எழுவதில்லை என்கிறார். குறை அவருடைய நினைவாற்றலில் இல்லை. வினைக்கு எதிரே ஒற்றை ஆங்கிலச் சொல்லை நிறுத்தி வைத்ததில்தான் இருக்கிறது.

'ப்ரான்த்ர்' என்ற வினையை எடுத்துக்கொள்வோம். அவருடைய பட்டியலில் இதற்கு எதிரே 'டேக்' என்று இருக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரர் காப்பி குடிப்பதற்கும், ரயிலில் போவதற்கும், ஷவரில் குளிப்பதற்கும் இந்த ஒரே வினையைப் பயன்படுத்துகிறார். முடிவு எடுப்பதற்கும் இதே வினைதான். ஆங்கிலம் அங்கே பெரும்பாலும் 'மேக்' என்று மாறிவிட, தமிழ் 'எடு' என்று பிரெஞ்சோடு ஒத்துப்போகிறது. ஆகவே நோட்டுப் புத்தகத்தில் ஒரு வினைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நீங்கள் அன்றாடம் சொல்லக்கூடிய மூன்று நான்கு சிறு வாக்கியங்களை அதில் எழுதுங்கள்.

ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதால் தமிழர் இழக்கும் வசதி ஒன்று உண்டு. 'எனக்கு இது பிடிக்கிறது' என்பதைப் பிரெஞ்சில் 'சா மு ப்ளே' என்பார்கள். பிடிக்கிற பொருள் எழுவாயாகவும், பிடித்தவர் 'எனக்கு' என்ற நிலையிலும் நிற்பது தமிழைப் போலவே இருக்கிறது. 'எனக்கு வேண்டும்' என்பதற்கான 'இல் மு ஃபோ' என்பதிலும் அந்த 'எனக்கு' அப்படியே இருக்கிறது. இவற்றை 'ஐ லைக்', 'ஐ நீட்' என்று ஆங்கிலத்தில் திருப்பிப்போட்டுப் படித்துவிட்டு, பிரெஞ்சில் எழுவாய் இடம் மாறிவிட்டதே என்று குழம்புவானேன்? 'மான்கே' என்ற வினையிலும் இதே கதைதான்: 'த்யூ மு மான்க்' என்றால், பிரிந்திருப்பவரை நோக்கி 'நீ இல்லாதது எனக்குக் குறையாக இருக்கிறது' என்று பொருள். ஏங்குபவரை எழுவாயாக்கும் ஆங்கிலத்தைப் பின்பற்றினால், யார் யாருக்காக ஏங்குகிறார் என்பதே தலைகீழாகிவிடும்.

ஆங்கிலத்தில் அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற ஒரே சொல்லுக்குப் பிரெஞ்சில் 'சவுவார்', 'கொனேத்ர்' என இரண்டு வினைகள் உள்ளன. தமிழிலும் 'தெரியும்' ஒன்றுதான் என்றாலும், அதற்கு முன்னால் வருவதைப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். 'நீந்தத் தெரியும்', 'அவர் வருவார் என்று தெரியும்' என்ற அமைப்புகளுக்குச் 'சவுவார்'. 'அவரைத் தெரியும்', 'பாரிஸ் நகரம் தெரியும்' என்பவற்றுக்குக் 'கொனேத்ர்'.

தோற்றத்தில் ஆங்கிலத்தை ஒத்து, பொருளில் விலகி நிற்கும் வினைகளைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள். 'துமாந்தே' என்றால் கேட்பதுதான், அதிகாரமாக வற்புறுத்துவது அன்று; 'அதாந்த்ர்' என்றால் காத்திருப்பது, 'ரெஸ்தே' என்றால் தங்குவது. தேர்வு எழுதுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'பாசே': தேர்வோடு சேர்ந்து வரும்போது அது தேர்வு எழுதுவதை மட்டுமே குறிக்கும், தேர்ச்சி பெறுவதற்கு 'ரேயுசீர்' என்ற வேறு வினை இருக்கிறது.

எழுவாய்க்கேற்ப வினை மாறும் உருமாற்றத்தைப் பொறுத்தவரை, பிரெஞ்சு வினைகளில் பத்தில் ஒன்பது, எழுத்தில் 'er' என முடியும் முதல் வகையைச் சேர்ந்தவை. பேசு என்னும் பொருளுடைய 'பார்லே' அவற்றுக்கு நல்ல மாதிரி. ஆனால் நாள் முழுதும் வாயில் வரும் எத்ர் (இருத்தல்), அவுவார் (வைத்திருத்தல்), அலே (போதல்), ஃபேர் (செய்தல்) ஆகிய நான்கும் அந்த மாதிரிக்குள் அடங்காதவை என்பதால், முதல் வாரத்தை அவற்றுக்கே கொடுத்துவிடலாம். 'பேசுகிறேன்' என்று நாம் எழுவாய் இல்லாமலேயே சொல்லிவிடலாம். பிரெஞ்சில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்குக்கும் காதில் விழுவது 'பார்ல்' என்ற ஒரே ஒலி என்பதால், எழுவாயை விட முடியாது. எனவே வினையைத் தனியாக ஒப்பிக்காமல் எழுவாயோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். (இங்கே நான் தமிழில் எழுதிக் காட்டும் உச்சரிப்பு ஓர் அடையாளம் மட்டுமே; மூக்கொலிகளைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.)

ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இன்னொரு குறிப்பு வேண்டும். இறந்தகாலத்தில் பெரும்பாலான வினைகள் 'அவுவார்' துணையோடு வருகின்றன; போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில மட்டும் 'எத்ர்' துணையைக் கேட்கும். 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஜே மான்ஜே' என்றும், 'போனேன்' என்பதற்கு 'ஜு சுய் அலே' என்றும் சொல்லும்போது முன்னால் நிற்கும் துணைவினை மாறுவதைக் கவனியுங்கள். 'ஏட்', 'வென்ட்' என்று மட்டும் எழுதி வைத்த பட்டியலில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது.