கைக்கு எட்டாத சர்வர்ல புது கர்னல்: உங்க கேள்விகள்

கே: டேட்டா சென்டர்ல இருக்குற டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வர்ல நானே கம்பைல் பண்ண கர்னலை, அதாவது சிஸ்டத்தோட மையப் புரோகிராமை, போடணும். பூட் ஆகலைன்னா பட்டன் அமுக்க அங்க ஆளில்ல. என்ன பண்ண?

ப: புதுசை டிஃபால்ட் ஆக்கவே ஆக்காதீங்க, பழசு டிஃபால்ட்டா இருக்கட்டும், புதுசு ஒரே ஒரு தடவை மட்டும் பூட் ஆகட்டும். பூட் ஆகும்போது எந்த கர்னல்னு தேர்ந்தெடுக்கிற புரோகிராம் தான் கிரப். அதோட செட்டிங்ல கிரப்_டிஃபால்ட்=சேவ்ட்னு போட்டு அப்டேட்-கிரப் ஓட்டிட்டு, கிரப்-செட்-டிஃபால்ட்ல பழசைச் சொல்லுங்க, கிரப்-ரீபூட்ல புதுசைச் சொல்லுங்க. புதுசு படுத்துட்டா அடுத்த ரீசெட்ல தானா பழசுக்கு வந்துடும். ஒண்ணு கவனிங்க, தனித்தனி கர்னல் எல்லாம் சப்மெனுக்குள்ள இருக்கும், அதனால நம்பர் '1>2' மாதிரி வரணும், வெறும் 2 போட்டா வேற ஏதோ கிளம்பும்.

கே: அப்படித்தான் பண்ணேன், ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசே வருது!

ப: உங்க பூட் டைரக்டரி எல்விஎம்லயோ சாஃப்ட்வேர் ரெய்டுலயோ (டிஸ்க்குகளைச் சேர்த்தோ பிரிச்சோ நிர்வகிக்கிற அமைப்புகள்) இருக்கும். கிரப்பால அங்க படிக்க முடியும், எழுத முடியாது, அதனால 'ஒரு தடவை'ங்கிற குறிப்பு அழியாம அப்படியே நிக்குது. தனி எக்ஸ்ட்4 (சாதாரண லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷனுக்கு மாத்துங்க, இல்லன்னா கேஎக்ஸெக்ல (ஓடுற கர்னல்லருந்தே இன்னொண்ணைக் கிளப்புற வழி) நேரா புது கர்னலுக்குத் தாவுங்க, கிரப்பைத் தொடவே வேணாம்.

கே: கர்னல் பேனிக் ஆகி, அதாவது மீள முடியாத பிழை வந்து, நின்னுட்டா?

ப: நிக்கத்தான் செய்யும். பேனிக்ங்கிற செட்டிங்கோட டிஃபால்ட் 0, அதாவது ரீபூட்டே ஆகாது. பேனிக்=10னு போட்டா 10 செகண்ட்ல ரீபூட் ஆகும். நான் ஒரு தடவை இதை சிஸ்கன்ட்ரோல் ஃபைல்ல (ரூட் மவுன்ட் ஆன பிறகு படிக்கிற கர்னல் செட்டிங்) போட்டுட்டு நிம்மதியா ரீபூட் குடுத்தேன், இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட்டோட ஆரம்பத்துல ஓடுற சின்ன தற்காலிக சிஸ்டம்) டிஸ்க் டிரைவர் இல்லாம ரூட்டை மவுன்ட் பண்ண முடியாம பேனிக் ஆச்சு, அந்த ஃபைலைப் படிக்கிற கட்டத்துக்கே அது போகல, விடியிற வரைக்கும் பிங்கையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதனால கர்னல் கமாண்ட் லைன்லயே (கிரப் கர்னலைக் கிளப்பும்போது குடுக்குற வரி) போடுங்க. பேனிக் கூட ஆகாம உறைஞ்சு போனா ஹார்ட்வேர் வாட்ச்டாக் (சிஸ்டம் பதில் சொல்லலைன்னா ரீசெட் பண்ற டைமர்) தான் காப்பாத்தும், சாஃப்ட்டாக்ங்கிற சாஃப்ட்வேர் வாட்ச்டாக் அதே கர்னலுக்குள்ள ஓடுறதால அதை நம்பாதீங்க.

கே: பூட் ஆகுது, நெட்வொர்க் மட்டும் வரல. வாட்ச்டாக் உதவுமா?

ப: உதவாது, அதைப் பொறுத்தவரை மெஷின் நல்லாதான் இருக்கு. கிரான்ல (வேலைகளைத் தானா ஓட்டுற புரோகிராம்) @ரீபூட்னு ஒரு வரி போட்டு, 10 நிமிஷம் காத்திருந்து, நீங்க லாகின் பண்ணி ஒரு ஃபைலை டச் பண்ணலைன்னா ரீபூட் ஆகுற மாதிரி வைங்க. அந்த ஃபைல் /ரன் கீழ இருக்கட்டும், ஒவ்வொரு பூட்டுலயும் காலியாயிடும்.

கே: லினக்ஸ் இல்லாம ஃப்ரீபிஎஸ்டிங்கிற சிஸ்டம்ல, புது கர்னலை ஒரே ஒரு தடவை பூட் பண்ண?

ப: நெக்ஸ்ட்பூட் -கே கமாண்ட், கூட கர்னல் பேரு.